அத்தைமாரும் அசட்டுக் கனவான்களும்: ஆங்கில நகைச்சுவைச் சிறுகதை பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே ஆங்கிலச் சிறுகதையில் நிலைபெற்ற பாத்திரங்களுள் ஒருவன், பரம்பரைச் செல்வமும் குலப்பெருமையும் உடையவனாயினும் தனக்கேற்ற கழுத்துப்பட்டியைத் தானே தெரிந்தெடுக்கவும் மாட்டாத இளங்கனவான். முற்பகல் கழியும் வேளையில் அவன் விழித்தெழுகின்றான். பணியாள் கொணரும் தேநீரைப் படுக்கையிலிருந்தே அருந்துகின்றான். கழகத்துக்குச் சென்று தன்போன்றாருடன் பாண் துண்டுகளை எறிந்து விளையாடுகின்றான். தான் விரும்பாத பெண்ணொருத்திக்கு எவ்வாறோ நிச்சயிக்கப்பட்டுவிட்டதை அறிந்து, தப்புவதற்கு வழிகாணாது பணியாளையே மீண்டும் நாடுகின்றான். பி. ஜி. வூட்ஹவுஸ் (1881–1975) படைத்த பேர்ட்டி வூஸ்டரும், அவனுடைய பணியாள் ஜீவ்ஸும், பிளாண்டிங்ஸ் கோட்டையின் எம்ஸ்வேர்த் பிரபுவும் இவ்வகை இலக்கியத்தின் உச்சநிலையைக் குறிப்பவர்கள்.

முற்போக்கு நோக்கிலே இவ்வெழுத்தை அணுகுவோர் இருவேறு முடிபுகளுக்கு வரக்கூடும். உழைப்பின்றி உண்ணும் வர்க்கமொன்றை அன்புக்குரியதாக்கிக் காட்டும் பிற்போக்கு எழுத்து என ஒதுக்குவது ஒன்று. அவ்வர்க்கத்தின் அறிவின்மையை அம்பலப்படுத்தும் அங்கதம் எனப் போற்றுவது மற்றொன்று. இவ்விரண்டும் பொருந்தா என்பதே எமது துணிபு. தொல்காப்பியர் நகைக்குரிய நிலைக்களன்களை வகுத்தவிடத்து எள்ளலையும் பேதைமையையும் ஒன்றாக்காது வெவ்வேறாக வைத்தமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. வூட்ஹவுஸின் நகை எள்ளலிற் பிறப்பதன்று, பேதைமையிற் பிறப்பது. எள்ளுவோன் தன்னால் எள்ளப்படுபவனின் அதிகாரத்தை அறிந்தே எள்ளுகின்றான். பேதைமையைக் கண்டு நகுவதற்கோ அதிகாரத்தை முதலில் அரங்கிலிருந்து அகற்றிவிடல் வேண்டும். அகற்றப்பட்டது எது, எக்காலத்தில், யாருக்காக என்பனவே வரலாற்று வினாக்கள்.

அசட்டுப் பிரபு வூட்ஹவுஸின் கண்டுபிடிப்பல்லன். 1858இல் நியூயோர்க் நகரில் அரங்கேறிய டொம் டெய்லரின் நாடகமொன்றிலே டண்ட்றீரி பிரபு என்ற சிறுபாத்திரத்தை ஏற்ற சொதேர்ன் என்னும் நடிகர், தமது சேட்டைகளாலே அதனை நாடகத்தின் முதன்மைப் பாத்திரமாகவே வளர்த்துவிட்டார். ஆபிரகாம் லிங்கன் 1865இல் சுடப்பட்டபோது பார்த்துக்கொண்டிருந்ததும் இந்நாடகத்தையே. ஆங்கிலப் பிரபுவின் அசட்டுத்தனம் தொடக்கத்திலேயே அமெரிக்கச் சந்தையிற் சிறப்பாக விலைபோன சரக்கு என்பதை இது காட்டுகின்றது. இலண்டன் இசையரங்குகளிலும் இவன் வெவ்வேறு பெயர்களில் உலவினான். 1914இல் பசில் ஹலம் என்ற நடிகர், ஆடையலங்காரத்தையே வாழ்வாகக் கொண்ட இளைஞனைப் பாடி நடித்துப் பெரும்புகழ் பெற்றார். சிறுகதையிலே இத்துறைக்கு மெருகூட்டியவர் ஸாக்கி என்ற புனைபெயருடைய ஹெக்டர் ஹியூ மன்றோ. அவருடைய கனவான்கள் பேதையரல்லர், நாவிலே நஞ்சுடையவர்கள்.

மன்றோவும் வூட்ஹவுஸும் ஒரே சமூக அனுபவத்தின் இரு பிள்ளைகள் எனலாம். மன்றோ 1870இல் பர்மாவின் அக்கியாப்பிற் பிறந்தவர். தந்தை அங்கு பொலிஸ் உயர் அதிகாரி. தாய் இறந்தபின் டெவன் பகுதியில் வாழ்ந்த அத்தைமாரிடம் ஒப்படைக்கப்பட்டார். வூட்ஹவுஸின் தந்தை ஹொங்கொங்கில் நீதவான். மூன்று வயது தொடக்கம் பதினைந்து வயதுவரை வூட்ஹவுஸ் பெற்றோருடன் கழித்த நாட்கள் யாவற்றையும் கூட்டினும் ஏறத்தாழ ஆறு மாதங்களே தேறும் என்று கணித்துள்ளனர். செவிலியரிடமும் விடுதிப் பள்ளிகளிலும், விடுமுறைக் காலத்தில் ஓர் உறவினர் வீட்டிலிருந்து மற்றோர் உறவினர் வீட்டுக்கு மாறி மாறியும் அவர் வளர்ந்தார். இது இருவருக்கு மட்டும் நேர்ந்த விபத்தன்று. ஆசிய நாடுகளை ஆண்ட அதிகாரி வர்க்கம் தன் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுதல் அன்றைய வழமை. கிப்ளிங்கும் 1871இல், ஆறு வயது நிரம்பாத நிலையில், பம்பாயிலிருந்து அவ்வாறு அனுப்பப்பட்டவரே. ஏகாதிபத்தியம் ஆளப்பட்டோரின் குடும்பங்களைச் சிதைத்தது பற்றி நாம் நிறையவே அறிவோம். ஆண்டோரின் குடும்பங்களையும் அது சிதைத்தது. அச்சிதைவின் இலக்கிய வடிவந்தான் ஆங்கில நகைச்சுவையின் 'அத்தை'.

இங்கு ஒரு சொல்லாராய்ச்சிக்கு இடமுண்டு. பெரியம்மா, சின்னம்மா, மாமி, அத்தை என முறைமை பிரித்து வழங்கும் நமக்கு, இவர்கள் அனைவரையும் ஒரே சொல்லில் அடக்கும் ஆங்கில வழக்கு சற்று வறியதாகவே தோன்றும். பேர்ட்டியின் அகதாவும் டாலியாவும் தந்தையின் உடன்பிறந்தார் ஆதலின் அத்தைமார் என்பதே பொருந்தும். ஆனால் ஆங்கிலச் சொல்லின் அவ்வறுமையே கதைக்கு வாய்ப்பாகின்றது. யார் வழி உறவாயினும் தாயின் இடத்தில் நின்று தாயாகாது அதிகாரஞ் செலுத்துபவள் அவள். பேர்ட்டிக்குத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. மன்றோ இவ்வனுபவத்தை மறக்கவில்லை. அவருடைய கதைகளிலே அத்தைமார் பழிவாங்கப்படுகின்றனர், சில வேளைகளில் மரணத்தாலே. வூட்ஹவுஸ் அதே அச்சத்தை இடியும் மின்னலும் போன்ற இயற்கைச் சீற்றமாக மாற்றிச் சிரிக்க வைத்தார். பர்மாவும் ஹொங்கொங்கும் கதைகளுள் அரிதாகவே தலைகாட்டுகின்றன; அத்தை மட்டும் ஒவ்வொரு வாயிலிலும் நிற்கின்றாள்.

டலிச் கல்லூரியிற் கல்விபயின்ற வூட்ஹவுஸ் ஒக்ஸ்போர்ட் செல்லவிருந்தார். தந்தையின் ஓய்வூதியம் ரூபாவில் வழங்கப்பட்டமையும், ரூபாவின் பெறுமதி நிலையின்றி ஏறியிறங்கியமையும் அதற்குத் தடையாயின என்று அவரே பின்னர் எழுதியுள்ளார். 1900இல் ஹொங்கொங்–ஷங்காய் வங்கியின் இலண்டன் அலுவலகத்தில் எழுதுவினைஞரானார். அங்கு பயிற்சி பெறுவோர் காலப்போக்கிற் கீழைத்தேயக் கிளைகளுக்கு அனுப்பப்படுவது விதி. அவ்விதி தம்மை எட்டுமுன், 1902இல், வங்கியை விட்டு எழுத்தைத் தொழிலாகக் கொண்டார். ஆகவே, உழைக்காத கனவான்களை ஓயாது படைத்தவர் கனவானாக வாழ வசதியற்று, சொல்லுக்குக் கூலிபெற்று வாழ்ந்த ஒரு தொழிலாளியே. ஒவ்வொரு கதைக்கும் பக்கம் பக்கமாகத் திட்டம் வகுத்து, எழுதியதைத் திரும்பத் திரும்பத் திருத்தும் கடின உழைப்பாளி அவர்.

அவ்வெழுத்தின் சந்தை எது என்பதையும் நோக்கல் வேண்டும். ஜீவ்ஸ் முதன்முதலிற் தோன்றும் கதை 1915 செப்டெம்பரில் 'சற்றர்டே ஈவினிங் போஸ்ற்' என்னும் அமெரிக்க வார இதழிலே வெளியாயிற்று. ஜீவ்ஸுக்கு அதில் இரண்டு வாசகங்களுக்கு மேல் இல்லை. வூட்ஹவுஸ் அப்போது நியூயோர்க்கில் வாழ்ந்தார். தொடக்கக் கதைகள் சிலவற்றில் பேர்ட்டியும் அங்கேயே அலைந்து திரிகின்றான். அவ்விதழ் இருபது இலட்சம் அளவிற் பிரதிகள் விற்பனையாகிய காலம் அது. அதன் வாசகர்கள் வணிகரும் அலுவலரும் அவர்தம் குடும்பத்தினரும். இங்கிலாந்தின் பிரபுவை அவர்கள் எசமானாக அறிந்தவர்களல்லர், வாடகைப் பணம் செலுத்தியவர்களுமல்லர். அத்தகைய வாசகர்க்குப் பிரபு ஒரு வேடிக்கைப் பொருள். இங்கிலாந்திலே 'ஸ்ராண்ட்' சஞ்சிகை இக்கதைகளை வெளியிட்டபோது, அங்குள்ள வாசகரும் தம் மேல்வர்க்கத்தை இந்த அமெரிக்கத் தூரத்திலிருந்து காணப் பழகினர் எனலாம்.

'ஜீவ்ஸ்' என்ற பெயர் ஒரு கிரிக்கெற் வீரருக்கு உரியது. வோறிக்ஷயர் அணிக்காக ஆடிய பேர்சி ஜீவ்ஸை 1913இல் செல்ற்றன்ஹாம் மைதானத்திற் கண்ட வூட்ஹவுஸ், அவரது பெயரைப் பின்னர் நினைவுகூர்ந்து பணியாளுக்கு இட்டார். 1916 யூலையில் பேர்சி ஜீவ்ஸ் பிரான்சின் சொம் போர்முனையிற் கொல்லப்பட்டார், உடல் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் அதே போர்முனையில், ஆடம்பர இளைஞனை மேடையிற் பாடிக்காட்டிய பசில் ஹலம் அவதானிப்புப் பலூனிலிருந்து வீழ்ந்து மாண்டார். நவம்பரில் ஸாக்கி சுட்டுக்கொல்லப்பட்டார். பெயரைத் தந்தவர், மேடை வடிவத்தைத் தந்தவர், சிறுகதை வடிவத்தைத் தந்தவர் ஆகிய மூவரையும் நான்கைந்து மாதங்களுக்குள் ஒரே போர்முனை விழுங்கியது. அதே நவம்பரில் 'போஸ்ற்' இதழில் வெளியாகிய கதையிலேதான் ஜீவ்ஸ் பேர்ட்டியின் வீட்டுப் பொறுப்பை ஏற்கின்றான். அக்கதையில் யுத்தம் இல்லை. அதற்குப் பின்வந்த கதைகளிலும் அது நிகழ்ந்ததாகவே தோன்றவில்லை.

மெய்யான பிரபுக்குலத்துக்கு அக்காலத்தில் நேர்ந்தது வேறு. 1894இல் விதிக்கப்பட்ட மரண வரி படிப்படியாக உயர்ந்து, 1919இல் இருபது இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட சொத்துக்களுக்கு நூற்றுக்கு நாற்பது வீதமாயிற்று. 1909ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தையொட்டி எழுந்த மோதலின் விளைவாக 1911இற் பிரபுக்கள் சபையின் தடையதிகாரம் குறுக்கப்பட்டது. யுத்தத்திலே இவ்வர்க்கத்து இளம் அதிகாரிகள் மடிந்த விகிதாசாரம் சாதாரண படைவீரர் மடிந்ததிலும் கூடுதலானது. யுத்தத்தைத் தொடர்ந்த சில ஆண்டுகளிற் பெருந்தொகையான நிலம் கைமாறிற்று. இவற்றுள் எதுவும் கதைகளுட் புகவில்லை. ஆயினும் இவற்றின்றிக் கதைகள் எழுந்திருக்கவும் மாட்டா. குத்தகைக்காரனை வெளியேற்றக்கூடிய பிரபு பேதையாயிருந்தால் அது நகைப்புக்குரியதன்று, அச்சத்துக்குரியது. பேர்ட்டிக்கு நிலமில்லை, குத்தகைக்காரர் இல்லை, வாக்குரிமைச் சபையில் ஆசனமில்லை. அவனுடைய பணம் எங்கிருந்து வருகின்றது? தொடக்கத்தில் உறவினர் ஒருவரின் தயவை அவன் நம்பியிருக்கின்றான். பின்னர் அதுவும் மறைந்து, பணம் ஊற்றுநீர்போல் தானே சுரக்கின்றது. அவனது கழகத்தின் பெயர் 'ட்றோன்ஸ்', அதாவது உழைக்காத ஆண் தேனீக்கள். வர்க்க விமரிசனம் செய்யவேண்டியதை ஆசிரியர் பெயர்ப்பலகையிலேயே எழுதிவிட்டு, உள்ளே பாண் எறிய விட்டுவிட்டார்.

எசமான் பேதையாகவும் ஏவலாள் மதியூகியாகவும் அமைவது பிளோற்றஸின் உரோம நாடகங்கள் தொட்டு வரும் மரபு. ஆயின் 1784இல் பாரிஸ் மேடையேறிய போமார்ஷேயின் பிகாரோ தன் எசமானின் தகுதியையே கேள்விக்குள்ளாக்கினான். ஐந்தாண்டுகளில் பாஸ்ற்றில் சிறை வீழ்ந்தது. 1902இல் பாரி எழுதிய நாடகத்திலே கிறைற்றன் என்னும் தலைமைப் பணியாள், கப்பலுடைந்து ஒதுங்கிய தீவில் எசமானின் குடும்பத்தை ஆள்கின்றான். மீட்கப்பட்டதும் மறுபேச்சின்றிப் பழைய இடத்துக்குத் திரும்புகின்றான். ஜீவ்ஸ் இவ்விருவரினும் வேறானவன். அவன் கேள்வி கேட்பதுமில்லை, தீவுக்குப் போகவேண்டிய தேவையுமில்லை, இலண்டனிலேயே ஆள்கின்றான். 1916ஆம் ஆண்டுக் கதையிலே பேர்ட்டியின் திருமண ஒப்பந்தத்தை அவன் திட்டமிட்டு முறிக்கின்றான். அறிந்து வெகுண்ட பேர்ட்டி அவனை வேலையினின்று நீக்குகின்றான். சிறிது நேரத்தில் உண்மை உணர்ந்து மீண்டும் அழைத்து, ஜீவ்ஸ் வெறுத்த கட்டமிட்ட உடையைத் துறக்கவும் உடன்படுகின்றான். அவ்வுடை முன்னமே தோட்டக்காரனின் உதவியாளுக்குக் கொடுக்கப்பட்டாயிற்று என ஜீவ்ஸ் அடக்கமாகத் தெரிவிக்கின்றான். இவனுடைய வெற்றிகள் யாவும் இத்தகைய உடைமீதான வெற்றிகளே: காலுறை, தொப்பி, மீசை. இனாமாகத் தாள்காசு கிடைக்கின்றது. சம்பளம் என்ற பேச்சு எழுவதில்லை.

பிரித்தானியாவில் ஆண் பணியாளரை வைத்திருப்போர் 1777 தொடக்கம் 1937 வரை அதற்கென வரி செலுத்தினர். ஆண் பணியாள் ஆடம்பரப் பொருளாகவே கணிக்கப்பட்டான். மறுபுறத்திலே இரு யுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்திலும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் வீட்டு வேலையில் இருந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் தனியொருத்தியாக ஒரு வீட்டின் எல்லா வேலையும் செய்தவர்கள். அவர்களின் கரிபடிந்த கைகள் ஜீவ்ஸின் மாசற்ற கையுறைக்குப் பின்னால் மறைந்துபோயின. இது இக்கதைகளின் மிகப் பெரிய மறைப்பு என்று கருதுகின்றேன்.

முற்போக்கு வாசகர் தவறாது படிக்கவேண்டிய கதை 1922இல் வெளியான 'தோழர் பிங்கோ'. பேர்ட்டியின் நண்பன் பிங்கோ, ஒரு புரட்சிக்காரரின் மகளிற் காதல்கொண்டு, செவ்விடியலின் கட்டியங்காரர் என்ற குழுவிற் பொய்த்தாடியுடன் சேர்கின்றான். தனக்குப் படியளக்கும் பிற்றில்ஷம் பிரபுவையே ஹைட் பூங்காவிற் பலரறியத் திட்டித் தீர்க்கின்றான். முடிவிற் குதிரைப் பந்தயத் திடலிலே சக தோழனொருவன் தாடியைப் பிடுங்கிவிடுகின்றான். இதிலே புரட்சியாளர் கேலிக்குள்ளாவது உண்மை. ஆனால் பிற்றில்ஷம் பிரபு யார்? உடல்நோவுக்குப் பூசும் தைலம் விற்றுச் செல்வந்தராகிப் பட்டம் பெற்றவர். முந்திய கதையொன்றில், மலிவான காதல் நவீனங்களை வாசிக்கக் கேட்டு மனமிளகி, வர்க்கபேதம் பொய்யென்று தெளிந்து, தம் சமையற்காரியையே மணமுடிக்க முற்பட்டவர். தைல வணிகர் பிரபுவாவதையும், கருத்துக்கள் மலிவு நவீனங்களின் வழியே மண்டைக்குள் ஏறுவதையும் வூட்ஹவுஸ் நன்கறிந்திருந்தார். அறிந்தவர் அதை எள்ளலாக்கவில்லை என்பதே குறிப்பிடத்தக்கது. 1909இலேயே பள்ளிக் கதையொன்றில் ஸ்மித் என்ற பாத்திரத்தைத் தன்னைச் சோசலிசவாதி எனச் சாற்றி எல்லோரையும் 'தோழர்' என விளிக்கச் செய்தவர் அவர். அவருக்குச் சோசலிசமும் ஒரு கழுத்துப்பட்டியே.

ஒரேயொரு கதையில் இவ்வேலி சற்றுத் தளர்கின்றது. 1928ஆம் ஆண்டின் 'எம்ஸ்வேர்த் பிரபுவும் சிறுமியும்' என்று நாம் பெயரிடக்கூடிய அக்கதையே அவருடைய சிறுகதைகளுட் சிறந்தது என்பது எமது மதிப்பீடு. விடுமுறை நாளொன்றிலே பிளாண்டிங்ஸ் கோட்டை பிள்ளைகளுக்குத் திறந்துவிடப்படுகின்றது. சகோதரியின் ஆணைக்கு அஞ்சிக் கஞ்சியிட்ட கழுத்துப் பட்டையினுள் வியர்த்துத் திணறும் பிரபு, இலண்டன் சேரியிலிருந்து கிராமத்துக்கு வந்திருக்கும் கிளாடிஸ் என்ற சிறுமியைச் சந்திக்கின்றார். தம்பிக்குத் தேநீர் விருந்து மறுக்கப்பட்டமையால், அவள் தன் பங்கை உண்ணாது அவனுக்காக எடுத்துவைத்தவள். பூப்பறிக்க ஆசைப்படுகின்றாள். தோட்டம் பிரபுவினுடையது, ஆனால் தலைமைத் தோட்டக்காரன் மக்கலிஸ்ரருக்கு அஞ்சி அவரே அங்கு பூப்பறிப்பதில்லை. சிறுமியின் கை அவர் கையைப் பற்றுகின்றது. அக்கணத்திலே பிரபு தம் தோட்டக்காரனை எதிர்த்து நிற்கின்றார். உடைமை, உழைப்பு, பசி ஆகிய மூன்றும் ஒரு பூப்பாத்தியின் முன்னே நேருக்கு நேர் சந்திக்கும் இடம் இது. பசி இங்கு மெய்ப்பசி. இருந்தும் சிறுமிக்காகப் பிரபு வென்ற எதிரி ஒரு கூலியாளனே என்பதை மறத்தலாகாது. மாலையானதும் அவள் திரும்பிப் போகவேண்டியவள்.

அதிகாரத்தை அகற்றிவிட்டுச் சிரிக்கும் இம்முறை, அதிகாரம் தானே வாயிலில் வந்து நின்றபோது என்னவாயிற்று? 1938இல் வெளிவந்த நாவலொன்றிலே றொடெறிக் ஸ்போட் என்ற பாசிசத் தலைவன் வருகின்றான். 1932இல் ஒஸ்வால்ட் மோஸ்லி தொடங்கிய பாசிச இயக்கத்தின் கருஞ்சட்டைக்குப் பகடியாக, சட்டை நிறங்கள் யாவும் தீர்ந்துபோனமையாற் கறுப்புக் காற்சட்டையணிந்த தொண்டர் படையை நடத்துபவன். பெண்களின் உள்ளாடைக் கடை நடத்துவது அவனது இரகசியம். அது வெளிப்படுமென்ற ஒரே அச்சத்தால் அவன் அடங்கிப்போகின்றான். வூட்ஹவுஸ் எள்ளலுக்கு மிக அண்மையில் வந்தது இங்கேதான். பாசிசத்தையும் ஒரு சொல்லால் அடக்கிவிடலாம் என்ற நம்பிக்கையே இதன் பலமும் பலவீனமும்.

1940 மே மாதத்தில் ஜேர்மன் படைகள் பிரான்சின் லு துக்கே நகரைக் கைப்பற்றியபோது அங்கு வசித்த வூட்ஹவுஸும் அகப்பட்டார். யூலையில் எதிரிநாட்டவராகச் சிறையிடப்பட்டு, இறுதியில் மேற்சைலீசியாவின் ரொஸ்ற் என்ற ஊரில் மனநோய் மருத்துவமனையாக இருந்த கட்டடமொன்றில் வைக்கப்பட்டார். அறுபது வயதை எட்டச் சில மாதங்கள் இருக்கையில், 1941 யூன் 21ஆந் திகதி விடுதலையானார். மறுநாள் விடியலில் சோவியத் நாட்டின்மீது படையெடுப்புத் தொடங்கிற்று. அடுத்த வாரம் முதல் பேர்ளின் வானொலி மூலம் அப்போது நடுநிலை வகித்த அமெரிக்காவுக்கு ஐந்து உரைகள் நிகழ்த்தினார். சிறைவாழ்வின் சிறு துன்பங்களை வேடிக்கையாகச் சொல்வன அவை. நாற்சிகளைப் புகழ்வன அல்ல. ஆனால் அம்மாதங்களுக்குச் சற்று முன்னர்தான் விமானக் குண்டுவீச்சிலே பிரித்தானியக் குடிமக்கள் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டிருந்தனர். பேர்ட்டியின் குரலிலே, அதே கபடமற்ற தொனியிலே, முள்வேலிக்குப் பின்னிருந்து ஒலித்த பேச்சு அங்கு துரோகமாகக் கேட்டது. யூலை 15இல் பி.பி.சி. ஒலிபரப்பிய கடுங்கண்டனம் அவரை நாட்டை விற்றவர் எனச் சாடிற்று. சில நூலகங்கள் அவருடைய நூல்களை அகற்றின. 1944இல் பாரிசிலே அவரை விசாரித்த புலனாய்வு அதிகாரி, அறிவீனமே அன்றித் துரோகமில்லை என்று முடிவுசெய்தார். அவ்வறிக்கை 1980 வரை பொதுமக்கள் பார்வைக்கு வரவில்லை. யுத்தத்தின் பின் அவர் இங்கிலாந்துக்குத் திரும்பவுமில்லை.

1945இல் ஜோர்ஜ் ஓர்வெல் அவருக்காக வாதாடி எழுதிய கட்டுரை இன்றும் இத்துறையில் முதன்மையானது. வூட்ஹவுஸின் மனவுலகு 1914இற்கு முந்தியது, அவருடைய கனவான் யுத்தத்தோடு செத்துப்போனவன், அவரை அங்கதக்காரர் எனக் கொண்டோர் பிழைபட்டனர் என்பன அவர் வாதங்கள். இடதுசாரியான ஓர்வெல், யுத்தகால ஆதாயக்காரர்களை விட்டு ஓர் எழுத்தாளரைப் பலியிடுதல் தகாது எனத் துணிந்து கூறியமை போற்றற்குரியது. ஓரிடத்தில் மட்டும் அவருடன் உடன்பட முடியவில்லை. வூட்ஹவுஸின் பேதைமை அவருக்கு இயல்பானதென்று ஓர்வெல் கொண்டார். சந்தையின் நாடியை அரைநூற்றாண்டு பிடித்தறிந்த ஒரு தொழில்வல்லாரைப் பேதை என்பது பொருந்தாது. பேதைமை அவருடைய தொழிற்கருவி. பெற்றோரற்ற இளமையிலே துன்பத்தைத் துன்பமென்று சொல்லாதிருக்கப் பழகியவர், அதையே கலையாக்கி விற்றார். ரொஸ்ற் முகாமிலிருந்து வெளிவந்த பின்னரும் அக்கருவி ஒன்றே அவர் கையில் இருந்தது.

1955இல் அவர் அமெரிக்கக் குடிமகனானார். 1975 புத்தாண்டிலே பிரித்தானிய அரசு அவருக்கு வீரத்திருத்தகைப் பட்டம் வழங்கிற்று. ஆறு வாரங்களில், பெப்ரவரி 14ஆந் திகதி மறைந்தார். அவர் முற்றாக எழுதிமுடித்த இறுதி நாவல் 1974இல் வெளிவந்தது. அத்தைமார் கனவான்களல்லர் என்பது அதன் தலைப்பு. அதன் தொடக்கத்திலே பேர்ட்டி, மார்பில் தோன்றிய புள்ளிகளைக் காட்டுவதற்காக மருத்துவரிடம் காரிற் செல்லும்போது, இலண்டன் வீதியில் ஓர் எதிர்ப்பு ஊர்வலம் வழியை மறிக்கின்றது. ஊர்வலத்தார் எதை எதிர்க்கின்றனர் என்பது அவனுக்குத் தெளிவாகவில்லை. காரிலிருந்தவாறே வழி விடும்வரை காத்திருக்கின்றான்.